தானாக எழக்கூடாத பார்ட்டிஷன்

கல்யாணம் ஆகாமலேயே மாமியார் வாய்த்தவள் என்று சுரங்கத்தில் எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள். மாமியார் என்பது, சுரங்க விளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கறைக்கு மேல்மாடியில் நின்ற சர்வர் கம்ப்யூட்டர். ஆள் உயரம், கறுப்பு நிறம், எந்நேரமும் ஒரே சுருதியில் முனகல். அதை முழுக்க அணைத்துவிட்டுத் திரும்ப எழுப்பினால் லேசில் எழாது. முதலில் தன் நினைவகத்தை மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்க்கும். பிறகு விசிறிகளை உச்சத்தில் ஓட்டி நிறுத்தும். அதன்பின் ஒன்றுமே செய்யாமல் வெகுநேரம் கிடக்கும். அதுவரை கீழே கூண்டு நிற்கும், தாது ஏறாது, எடைமேடை வாசலில் லாரிகள் வரிசைகட்டும்.

"மாமியார் எந்திரிச்சாச்சா?" என்று கூண்டுக்காரர் போனில் கேட்பார். ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் கூண்டை ஓட்டுபவர் அவர்.

"பல்லு தேய்க்கிறாங்க அண்ணே."

"காபி குடிக்காம வேலைக்கு வரமாட்டாங்களோ?"

"நீங்க வந்து ஊத்திக் குடுங்க."

எந்திரம் மாமியார் என்பதால் இவள் மருமகள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் மேலாளரே ஒருமுறை பெரிய கூட்டத்தில் "நம்ம மருமகள் சொல்றபடி" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுடைய அப்பாவும் அதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நெஞ்சில் தூசி அடைத்துப் போனார். அம்மா அதிக நாள் தங்கவில்லை. மிச்சமிருந்தது இவளும், இவளைவிட மிகச் சின்னவனான ஒரு தம்பியும். சம்பளப் பிரிவில் தட்டச்சு வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்துகொண்டே அவனுக்குச் சோறு வடித்தாள், காய்ச்சல் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் அவன் உடைத்த கண்ணாடிக்காகத் திட்டு வாங்கினாள். சர்வர் வந்து இறங்கியபோது, அதை நிறுவ வந்தவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் பின்னால் நின்று பார்த்தாள். அவர்கள் போன பிறகு கையேட்டை வைத்துக்கொண்டு தடவித் தடவிப் படித்தாள். தப்பும் செய்தாள். ஒருமுறை சம்பளப் பிரிவில் ஆள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அதை அணைத்துவிட்டாள். அரைநாள் வேலை காற்றில் போயிற்று. அன்றைக்குப் பிறகு எந்தச் செட்டிங்கை மாற்றினாலும் மாற்றியபின் திரையில் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம்.

எந்திரம் ஒன்றுதான். ஆனால் உள்ளே ஐந்து குடித்தனம். பார்ட்டிஷன் என்பார்கள். எடை ஒன்று, சம்பளம் ஒன்று, கிடங்கு ஒன்று, கூண்டு ஒன்று, ஆள்கணக்கு ஒன்று. ஒரு குடித்தனத்தில் வீடு பற்றி எரிந்தாலும் அடுத்த குடித்தனத்துக்குத் தெரியாது. கரண்ட் வந்ததும் எது தானாக எழலாம், எது யாருக்குப் பின்னால் எழவேண்டும், அணையச் சொன்னால் கையில் உள்ள வேலையை முடிக்க எவ்வளவு நேரம் கொடுக்கலாம் என்பதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். நான்கை அவள் தானாக எழும்படி வைத்திருந்தாள். ஆள்கணக்கு மட்டும் எழாது. அதன் செட்டிங்கில் "காத்திரு" என்று இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. சுரங்கத்தின் ஒவ்வொரு பாதை வாயிலிலும் அட்டை தேய்க்கும் கருவி இருந்தது. யார் எந்தப் பாதைக்குள் போனார், எப்போது வெளியே வந்தார் என்பது ஆள்கணக்கில் ஏறும். வடக்கில் இத்தனை பேர், தெற்கில் இத்தனை பேர், கிழக்கில் இத்தனை பேர் என்று இரண்டு இடங்களில் திரை காட்டும். ஒன்று கூண்டுக்காரர் தலைக்கு மேல். இன்னொன்று வெடிக்காரர் முன்னால். பாறையை உடைக்க வெடி வைக்கும் அவர், அந்தப் பாதைக்கு நேரே சைபர் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சங்கு ஊதும். பிறகு பொத்தானை அழுத்துவார்.

திடீரென்று நின்றுபோய் எழுந்த ஆள்கணக்கு கடைசியாகத் தட்டில், அதாவது டிஸ்கில், எழுதிய எண்ணைத்தான் காட்டும். நிற்பதற்குச் சற்று முன்னால் உள்ளே போனவன் அதில் இருக்கமாட்டான். அதனால் அவள் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். கீழே விளக்கறையில், எந்திரம் வருவதற்கு முந்தைய காலத்துப் பலகை ஒன்று இருந்தது. இறங்கும் ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டு விளக்கை வாங்கிக்கொண்டு போவார். ஏறிவந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையை எடுத்துக்கொள்வார். பலகையில் தொங்கும் வில்லை என்றால் உள்ளே இருக்கும் ஆள். அவன் மேலே வருகிறவரை, எந்த விதத்தில் வந்தாலும் சரி, வேறொருவர் அதைத் தொடக்கூடாது.

எந்திரம் நின்று எழும்போதெல்லாம் மருமகள் மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுப்பாள். "எத்தனை?" விளக்கறைக்காரர் வில்லைகளை எண்ணித் தொகையைச் சொல்வார். அவள் ஆள்கணக்கைத் தன் கையால் எழுப்பி, அது காட்டும் தொகையோடு ஒத்துப் பார்ப்பாள். ஒத்துப்போனால்தான் அந்த இரண்டு திரைகளையும் திறந்துவிடுவாள். ஒன்று குறைந்தாலும் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை கூண்டும் இல்லை, வெடியும் இல்லை. அவள் விடுப்பில் இருந்தால் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூட்டிவருவார்கள். அதுவரை வேலை நிற்கும்.

இப்படியே வருஷங்கள் ஓடியதில், யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் ஒன்று பழகிப்போனது. திரை எரிகிறது என்றால் வில்லை எண்ணியாகிவிட்டது.

தம்பி வளர்ந்து பம்புக்காரன் ஆனான். கல்யாணமும் ஆயிற்று. ஊற்று நீரை இறைக்கும் பம்புகளைப் பார்க்கும் வேலை. மற்றவர்கள் கூட்டமாகப் போவார்கள். ஒருவனைக் காணோம் என்றால் மேஸ்திரி கேட்பார். பம்புக்காரன் தனியாள். ஆள் நடமாட்டமே இல்லாத பாதைக்குள் ஒற்றையாகப் போய் வருவான். அவன் உள்ளே இருக்கிறான் என்று சொல்ல அந்தத் திரையில் தெரியும் ஓர் எண்ணைத் தவிர வேறு நாதியில்லை. 

"என்னைய நம்பி இறங்குறியா, மாமியார நம்பியா?" என்று அவள் கேட்பாள்.

"மாமியாரா? அது கெழவி. உன்னத்தான்" என்பான்.

மேலாளருக்கு நேரம் வீணாவதில் வருத்தம். கெட்டவர் இல்லை. மேலேயிருந்து அவரைக் குடைந்தார்கள்.

"நாலு தானா எந்திரிக்குது. அஞ்சாவதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை? நாம போய் வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?" என்றார்.

"அழைக்கணும் சார்."

"எவ்வளவு நேரம் மிச்சமாகும்னாவது பாத்துச் சொல்லுங்க. பாத்துட்டு விட்டுருவோம்."

ஆட்கள் யாரும் இறங்காத விடுமுறை நாளில் சோதனை வைத்தார்கள். அந்த எந்திரத்தில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் அமைப்பு இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று எழுதிவைத்த அமைப்பு. இன்னொன்று இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு. எந்திரம் உயிரோடு இருக்கும்வரை ஓடும் அமைப்புதான் பேசும். அது முழுக்கச் செத்து எழுந்தால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, எழுதிவைத்ததைப் படித்து அதன்படி நடக்கும். மருமகள் எழுதிவைத்த அமைப்பில் ஆள்கணக்குக்கு "தானாக எழு" என்று மாற்றினாள். மாமியாரை முழுக்க அணைத்தாள். மேலாளர் கடிகாரத்தோடு நின்றார். ஐந்தும் தானாக எழுந்தன, திரைகளும் கூடவே எரிந்தன.

மேலாளர் கணக்குப் பார்த்தார். "அடச்சே, இவ்வளவுதானா? இதுக்கா இத்தன கூத்து? உங்க வழியே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவள் பழையபடி மாற்ற உட்கார்ந்தாள். ஓடும் அமைப்பைத் திறந்து "காத்திரு" என்று போட்டாள். வாய்விட்டுப் படித்தாள். காத்திரு. இனி இதையே எழுதிவைத்த அமைப்பிலும் சேமிக்க வேண்டும்.

அப்போது வாசலில் தம்பி வந்து நின்றான். ஓடிவந்த மூச்சு. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"அக்கா, அவளுக்கு வலி எடுத்துருச்சு. நேரே ஆஸ்பத்திரில சேத்துட்டேன். உன்னத்தான் கேக்கறா."

"இன்னும் நாள் இருக்கே?"

"அத அவகிட்ட சொல்லு. பயந்து நடுங்கறா. வாக்கா, மாமியார அப்புறம் பாத்துக்கலாம்."

தம்பி மனைவிக்குத் தாய் இல்லை. மருமகள் எழுந்து போனாள். சாயங்காலம் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடித்த பிடியில் விரல்கள் கன்றிப்போயின. பெண் குழந்தை. தம்பி குழந்தையைத் தூக்கத் தெரியாமல் விளக்கைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். செவிலி அதட்டினாள், மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் அவள் முதலில் ஆள்கணக்கின் செட்டிங்கைப் பார்த்தாள். காத்திரு என்று இருந்தது. சரி என்று மூடினாள். அவள் பார்த்தது ஓடும் அமைப்பு.

அதன்பிறகு எத்தனையோ முறை கரண்ட் போனது. ஒவ்வொரு முறையும் பேட்டரி தாங்கியது. பார்ட்டிஷன்கள் மட்டும் ஒழுங்காக அணையும், எழும். எந்திரம் மொத்தமாகச் சாகவில்லை. அதனால் எழுதிவைத்ததைப் படிக்க வேண்டிய அவசியம் அதற்கு வரவேயில்லை. ஒவ்வொரு முறையும் ஆள்கணக்கு காத்திருந்தது, அவள் படியில் நின்று "எத்தனை?" என்று கேட்டாள். எல்லாம் சரியாகவே நடந்தது.

குழந்தைக்கு ஊசி போட வேண்டிய நாளில் அவள் விடுப்பு எடுத்தாள். தம்பி வேலையில் இருந்தான். இவளும் தம்பி மனைவியும் மருத்துவமனை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போட்டாகிவிட்டது. குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மேலே ஓடிய மின்விசிறி நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி சுற்றத் தொடங்கியது. யாராவது தன்னைக் கூப்பிட வருவார்கள் என்று மருமகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. கூண்டுக்காரர்.

"மருமகளே, நீ லீவு போட்டாத்தான் மாமியாருக்குச் சுறுசுறுப்பு. பேட்டரியும் படுத்துருச்சு, மொத்தமா இருட்டு. இன்னிக்கு வேல போச்சுன்னு நெனச்சேன். கரண்டு வந்ததும் தானாவே எந்திரிச்சு உக்காந்துட்டாங்க!"

"எதெது எந்திரிச்சுது?"

"எல்லாந்தான்."

"ஆள்கணக்கு?"

"அதான் சொல்றேனே. திரை பளிச்சுன்னு இருக்கு."

"யார் எண்ணினா?"

"என்னத்த?"

"அண்ணே, வில்லைய யார் எண்ணினா?"

"எண்ணியாச்சுன்னுல்ல நெனச்சோம்… திரை எரியுதே…"

"அது பழைய எண்ணு. நம்பாதீங்க. இன்னிக்கு எங்க வெடி?"

"கிழக்குல. சைபர்தான் காட்டுது…" அவர் குரல் பாதியில் அறுந்தது. ரிசீவரை எங்கோ போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. "நிறுத்து! நிறுத்துய்யா!" என்று தூரத்தில் கத்தினார். அவர் குரலுக்கு மேலாகச் சங்கு ஊதியது.

மருமகள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றாள். வராந்தாவின் கண்ணாடி ஜன்னல் லேசாக அதிர்ந்தது. அந்த ஊரில் ஜன்னல் அதிர்வது தினப்படி நடப்பது. குழந்தைகூட விழிக்கவில்லை.

"வெடி போட்டாச்சு. இனிமே சாப்பிட வந்துருவாரு. கெளம்பலாமாக்கா?" என்றாள் தம்பி மனைவி.

தம்பி கிழக்குப் பாதையின் கடைசிப் பம்பைப் பார்க்கப் போயிருந்தான். அட்டையைத் தேய்த்துத்தான் போயிருந்தான். அது தட்டில் ஏறுவதற்குள் பேட்டரி கைவிட்டுவிட்டது. கூரை இடிந்து பாதை மூடிக்கொண்டது. தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலிருந்து இறங்கியது. தோண்டப் போனவர்களில் ஒருவருக்குக் கால் போனது. அதற்குமேல் யாரையும் அனுப்ப மாட்டேன் என்று மேலாளர் கண்ணீரோடு சொன்னார். கிழக்குப் பாதையின் வாயைக் கான்கிரீட் சுவர் வைத்து அடைத்தார்கள். தம்பி மேலே வரவேயில்லை. அவன் வில்லை பலகையிலேயே தொங்கியது. வழக்கப்படி யாரும் அதைத் தொடவில்லை.

விசாரணை நடந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகள் முன்னால் மருமகள் தான் செய்ததைச் சொன்னாள். எழுதிவைத்த அமைப்பு, ஓடும் அமைப்பு, எதில் மாற்றினாள், எதில் சேமிக்காமல் விட்டாள் எல்லாம் சொன்னாள். 

"சம்பவத்தன்னிக்கு நீங்க லீவுலதானம்மா இருந்தீங்க?" என்று மூத்த அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க."

"எந்திரத்துப் பக்கமே போகல?"

"போகல. ஆனா அதுக்கு முன்னாடியே…"

"பேட்டரி நல்லாயிருந்தா இது நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது. ஆனா அது வேறங்க. பேட்டரி போகத்தான் செய்யும். போனாலும் ஆள்கணக்கு எழக்கூடாது, அதுக்குத்தான்…"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தட்டச்சு செய்பவரைப் பார்த்துத் தலையசைத்தார். தட்டச்சு நின்றது. "கூடப்பொறந்தவனப் பறிகொடுத்திருக்காங்க. தண்ணி குடுங்க" என்றார் மூத்தவர், உண்மையான இரக்கத்தோடு. மின்தடையும் பேட்டரிப் பழுதும் காரணம் என்று முடிவாயிற்று. வெடிக்காரர் அதன்பின் பொத்தானைத் தொடவில்லை. இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு எடைமேடைக்குப் போய்விட்டார். 

வீட்டில் சொல்லிப் பார்த்தாள். "என்னாலதான் இப்படி ஆச்சு" என்று தொடங்குவாள். தம்பி மனைவி அவள் வாயைப் பொத்துவாள். "கரண்டு போனதுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க? இப்படிப் பேசிப் பேசி நீங்களும் போயிட்டா நானும் பாப்பாவும் எங்க போவோம்?" அப்படிச் சொல்லிவிட்டு இவள் தட்டில் சோற்றைப் போடுவாள்.

தம்பியின் வேலைக்குப் பதிலாக அவன் மனைவிக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். விளக்கறைக்காரர் ஓய்வு பெறும் நேரம். அந்த இடத்தில் அவளைப் போட்டார்கள். விளக்குகளுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், கொடுத்து வாங்க வேண்டும், பலகையைக் கவனிக்க வேண்டும். முதல்நாள் அவள் பலகைக்கு முன்னால் அசையாமல் நின்றாள். பிறகு துணியை எடுத்து எல்லா வில்லைகளையும் துடைத்தாள், ஒன்றைத் தவிர.

அவள் வேலைக்கு வந்தபின் முதல்முறை கரண்ட் போனபோது, மருமகள் மாடிப்படியில் நின்று "எத்தனை?" என்றாள்.

கீழே எண்ணும் சத்தம் கேட்டது. "நாப்பதுக்கா. அப்புறம் அவரு."

எந்திரம் நாற்பது என்றது. மருமகள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு "சரி" என்றாள். திரைகளைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். இத்தனை, அப்புறம் அவரு.

தம்பி மனைவி மெதுவான ஆள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் மெதுவுதான், ஆனால் விடாதவள். ஒரு காரியத்தைப் பத்து முறை செய்தால் பதினோராவது முறை அது ஏன் அப்படி என்று கேட்பாள். ஒருநாள் மத்தியானம் இருவரும் விளக்கறையில் சாப்பிட்டு முடித்து டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"கரண்டு போனா நீங்க கத்துறீங்க, நான் எண்ணுறேன், அப்புறம்தான் திரை எரியுது. நீங்க எழுப்பாம அது எழாது. அப்படித்தானே?"

"ஆமா."

"அன்னிக்கு நீங்க எங்கூட ஆஸ்பத்திரில இருந்தீங்க."

"ஆமா."

"அப்ப யாரு எழுப்பினா?"

மருமகள் குழாயை மூடினாள். எத்தனையோ முறை இவள் சொல்ல வந்தபோது காதில் வாங்காதவள், இப்போது தானாக அந்த வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். எதிர்ச் சுவரில் யார் எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை ஒட்டியிருந்தது. மருமகள் அதைக் காட்டினாள்.

"அதுல நாளைக்கு உனக்கு வேலைன்னு போட்டிருக்கு. நான் வாயால, நாளைக்கு நீ வரவேண்டாம்னு சொல்றேன். நீ வருவியா?"

"வரமாட்டேன்."

"ராத்திரி உனக்குத் தலைல அடிபட்டு நான் சொன்னதெல்லாம் மறந்துபோச்சு. அப்ப?"

"சுவத்தப் பாத்து வந்துருவேன்."

"அதான். நான் வாயால சொன்னேன், எழாதேன்னு. சுவத்துல மாத்தல. அன்னிக்கு அது எல்லாத்தையும் மறந்துட்டு, சுவத்தப் பாத்து எந்திரிச்சிருச்சு."

தம்பி மனைவி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சுவத்துல மாத்தவேண்டியது யாரு?"

"நான்."

"வேற யாரும் இல்லியா?"

"இல்ல. நான்தான்."

"ஏன் மாத்தல?"

ஒரு செருப்போடு வாசலில் நின்ற தம்பி, உன்னத்தான் கேக்கறா என்ற அவன் குரல், கன்றிப்போன விரல்கள் எல்லாம் மருமகளின் நாக்கு நுனிவரை வந்தன.

"மறந்துட்டேன்" என்றாள்.

"நீங்களா? படிச்சுப் படிச்சுப் பாப்பீங்களே. எப்ப?"

"அது… சோதனை ஒண்ணு வெச்சோம். அப்ப."

"எப்பன்னா? பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"ரொம்ப முன்னாடி" என்றாள் மருமகள். "உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. என் கவனம்தான் எங்கயோ இருந்துச்சு."

தம்பி மனைவி டப்பாவைத் துடைத்தாள். மூடியைப் பொருத்தினாள். பொருந்தவில்லை. மறுபடி பொருத்தினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழந்தையின் துணிகளை மடித்தாள். கம்பெனிக் குடியிருப்பில் ஓர் அறை காலியாக இருந்தது, மறுநாளே அங்கே போய்விட்டாள். போகும்போது குழந்தை அத்தையைப் பார்த்துக் கையை நீட்டியது. நீட்டிய கையை மடக்கிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள்.

வேலையை விடவில்லை. விட முடியாது, இருவராலும். சிறிது நாளில் மறுபடி கரண்ட் போனது. பேட்டரி புதிது. பார்ட்டிஷன்கள் ஒழுங்காக அணைந்து எழுந்தன. ஆள்கணக்கு காத்திருந்தது. மருமகள் படியில் நின்றாள்.

"எத்தனை?"

எண்ணும் சத்தம் வழக்கத்தைவிட நிதானமாகக் கேட்டது.

"முப்பத்தாறு, மேடம்."

மேடம் என்று யாரோ வேறு ஆளைக் கூப்பிட்டதுபோல இருந்தது. மருமகள் திரும்பிப்போய் ஆள்கணக்கை எழுப்பினாள். முப்பத்தைந்து காட்டியது. அவள் மறுபடி படிக்கு வந்தாள்.

"இங்க முப்பத்தஞ்சு இருக்கு. அவனையும் சேத்தா எண்ணின?"

"பலகைல தொங்குறத எண்ணினேன், மேடம்."

"அவன விட்டுட்டு…"

"பலகைல தொங்கினா உள்ள இருக்காருன்னுதானே அர்த்தம்? மேல வந்துட்டாரா அவரு?"

போன் அடித்தது. கூண்டுக்காரராகத்தான் இருக்கும். அவர் இப்போதெல்லாம் மாமியாரைப் பற்றிக் கேலி பேசுவதில்லை. எப்ப ஆகும் என்று மட்டும் கேட்பார். மருமகள் எடுக்கவில்லை.

"சந்தேகம்னா நீங்களே வந்து எண்ணுங்க" என்றது கீழிருந்து குரல்.

மருமகள் இறங்கிப் போனாள். தம்பி மனைவி பலகையிலிருந்து விலகி நின்றாள். மருமகள் ஒவ்வொரு வில்லையாக விரலால் தொட்டு எண்ணினாள். துடைத்துத் துடைத்து எல்லாம் மின்னின. கடைசி வரிசையில் ஒன்று மட்டும் கறுத்துப்போய், பச்சை பூத்துக் கிடந்தது. அதையும் தொட்டாள். முப்பத்தாறு.

"ஒத்துப்போகலன்னா தெறக்கக்கூடாது. நீங்க வெச்ச ரூல்தானே, மேடம்?"

மருமகள் ஏறிப்போனாள். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. ஆள்கணக்கில் நீக்கப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்தாள். தம்பியின் அட்டை எண்ணை எடுத்து உள்ளே இருப்பவர்களில் சேர்த்தாள். எந்தப் பாதை என்று எந்திரம் கேட்டது. கிழக்கு என்று போட்டாள். அடுத்தமுறை எந்திரம் செத்து எழுந்தாலும் இது போய்விடக்கூடாது. தட்டில் எழுதச் சொன்னாள். எழுதியதைத் திறந்து வாய்விட்டுப் படித்தாள். பிறகு, விபத்துக்குப்பின் தான் திருத்திய எழுதிவைத்த அமைப்பையும் திறந்தாள். காத்திரு என்று இருந்தது. அதையும் படித்தாள்.

தொகை முப்பத்தாறு ஆனது. அவள் திரைகளைத் திறந்துவிட்டாள். கூண்டுக்காரர் தலைக்கு மேலும் புதிய வெடிக்காரர் முன்னாலும் எண்கள் எரிந்தன. அடைத்துக் கான்கிரீட் பூசிய கிழக்குப் பாதைக்கு நேராக ஒன்று என்று இருந்தது. அன்றும் அதன்பிறகும் மேலாளர் அதைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

மருமகள் படியில் வந்து நின்றாள்.

"ஒத்துப்போச்சு" என்றாள்.

கீழே விளக்குகளை ஒவ்வொன்றாகச் சார்ஜில் மாட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.